வலி தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்க வேண்டிய படிப்பு

(செப்டெம்பர் 8, உலக பிசியோதெரபி தினத்தையொட்டி, யாழ்ப்பாணம் வந்திருந்த தோட்டத்து மாணவர்களும் பெற்றோரும் கொழும்புத்துறையில் கூடியபோது, வடக்கில் பணியாற்றும் மலையகப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரை.)



இரவு முழுக்க பஸ்ஸில் வந்த களைப்போடு இருக்கிறீர்கள். இறங்கும்போது பல அம்மாமார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்தேன். அது பஸ்ஸில் வந்த வலி மட்டுமல்ல, மலையில் வந்த வலி.

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டியிருக்கிறது. பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்குகிறது. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. மணிக்கணக்காக முன்னால் சாய்ந்து நிற்கிறோம். கவ்வாத்து வெட்டுகிற, மருந்து டாங்கி சுமக்கிற ஆண்களுக்குத் தோளும் முதுகும் போகிறது. டிஸ்பென்சரியில் பனடோல் தருவார்கள். வீட்டில் சித்தாலேப தேய்ப்போம். வலி அடங்கும். ஆனால் வலிக்குக் காரணம் அப்படியே இருக்கும்.

பிசியோதெரபி, தமிழில் இயன்மருத்துவம், அந்தக் காரணத்தைத் தேடுகிற படிப்பு. எந்த மூட்டு இறுகியிருக்கிறது, எந்தத் தசை பலம் குறைந்திருக்கிறது என்று சோதித்து, பயிற்சியாலும் கை வைத்தியத்தாலும் உடம்பை மறுபடி இயங்க வைப்பது. இதை வெறும் 'மசாஜ்' என்று நினைக்காதீர்கள். பாரிசவாதம் வந்தவரை எழுந்து நடக்க வைப்பதும், நெஞ்சில் சளி கட்டியவருக்கு மூச்சுப் பயிற்சி கொடுப்பதும், கழுத்து நிற்காத குழந்தையை உட்காரப் பழக்குவதும் இந்த வேலைதான். யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் கால் இழந்தவர்கள் பலர். இங்கே 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. காலைப் பொருத்திவிட்டால் மட்டும் மனிதன் நடந்துவிட மாட்டான். நடக்கப் பழக்க ஓர் ஆள் வேண்டும்.

இனிப் படிப்புக்கு வருவோம். பேராதனை, கொழும்பு பல்கலைக்கழகங்களில் இது நான்கு வருடப் பட்டம். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உடல் அசைவின் விஞ்ஞானம், எலும்பு, நரம்பு, நுரையீரல் நோய்கள் எல்லாம் படிக்க வேண்டும். ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளோடு பயிற்சி உண்டு. விரிவுரைகள் ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு முதல் சில மாதம் கஷ்டம்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. விடாமல் படித்தால் பிடிபடும்.

அனுமதி இசட் புள்ளியில். நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம். நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொல, பர்சரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். தங்குமிடம், சாப்பாட்டுச் செலவுக்குத்தான் வழி பார்க்க வேண்டும்.

அப்படியானால் தடை எங்கே? உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் எடுக்க வேண்டும். இந்தப் பாடங்கள் உள்ள தமிழ்ப் பாடசாலை பல தோட்டங்களுக்கு வெகு தூரம். பஸ் காசு, போர்டிங், டியூஷன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கெட்டிக்காரப் பிள்ளையையும் பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவில் சேர்க்கிறோம். இல்லாவிட்டால் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்புகிறோம். கலைப் பிரிவு குறைந்ததல்ல. ஆனால் அங்கே போனபின் இந்தக் கதவு திறக்காது. சாதாரண தரப் பெறுபேறு வந்த அந்தச் சில வாரங்களில் எடுக்கிற முடிவுதான் பிள்ளையின் பாதையைத் தீர்மானிக்கிறது.

ஆகவே தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். சம்பளக் கோரிக்கையோடு விஞ்ஞான ஆசிரியர், மாணவர் விடுதி என்ற இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். தோட்டக் கமிட்டி ஒவ்வொன்றும் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகளின் பட்டியலை வைத்திருக்கட்டும். அந்த வீடுகளுக்குப் போய்ப் பேசுங்கள்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. 'சில மாதத்தில் பிசியோதெரபி சான்றிதழ்' என்று விளம்பரம் வரும். பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்பை முடித்தால் இலங்கை மருத்துவச் சபையில் பிசியோதெரபிஸ்டாகப் பதிய முடியுமா என்று விசாரியுங்கள். பதிவு இல்லாத சான்றிதழை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

பிள்ளைகளே, பாரம் தூக்கிய உடம்பு எப்படி வலிக்கும் என்பதை நீங்கள் லயத்திலேயே பார்த்து வளர்ந்தவர்கள். 'கூடைக் கயிறு இழுக்குது' என்று ஓர் அம்மா சொன்னால் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்த அம்மாவின் பாஷையில் பேசுகிற பிசியோதெரபிஸ்ட் மலையகத்து ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டும். அது நீங்களாக இருக்கலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். அதன் பிறகு அம்மாமார் கொஞ்சம் முன்னுக்கு வாருங்கள். கூடையை இறக்கி வைத்தவுடன் செய்யக்கூடிய கழுத்துப் பயிற்சி இரண்டைக் காட்டித் தருகிறேன்.