பாலாற்றங்கரையும் ஆய்வகத்தின் கதவும்

(மாணவர் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழக ஆய்வகங்கள் வட்டாரப் பொருளாதாரத்துக்கு என்ன செய்ய முடியும் என்று பேசச் சொன்னீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு தண்ணீர் பாட்டில்.

நான் ஆய்வில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து வைத்தார். வீட்டு போர் தண்ணீர். “பெரிய படிப்பு படிக்கிறியே, இதுல என்ன கலந்திருக்குன்னு பாத்துச் சொல்லுப்பா” என்றார். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகங்களை அளக்கும் கருவி எங்கள் ஆய்வகத்தில் இருந்தது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கியது. பொறுப்பாளரிடம் கேட்டேன். வெளி மாதிரி என்றால் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும் என்றார். முப்பது வருடம் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்த பெரியம்மாவிடம் லெட்டர்ஹெட் ஏது?

என் மாதிரிகளோடு சேர்த்து அதையும் ஓட்டிப் பார்த்தேன். உப்பின் அளவைத் தனியாக அளந்தேன். அதை மட்டும் வைத்தே குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த எண்ணை முத்திரை வைத்த தாளில் தர எனக்கு அதிகாரம் இல்லை. முத்திரை இல்லாத எண்ணை எந்த அலுவலகத்தில் வாங்குவார்கள்?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்கள் தலைமுறைகளாகத் தோலை நம்பியிருக்கின்றன. தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கி வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். தோலைத் தொடுவது தீட்டு என்று சொன்ன சமூகம் அந்தத் தோலில் வந்த அந்நியச் செலாவணியைத் தீட்டாக நினைக்கவில்லை. ஒரே தொழிலை நம்பிய வட்டாரம் பல தொழில்களுக்கு மாற வேண்டும் என்று பொருளாதார அறிஞர்கள் சொல்லும்போது, அது சந்தை அபாயத்தைக் குறைக்கும் வழி. எங்களுக்கு அது வேறு விஷயம். லாகூர் மாநாட்டுக்காக 1936இல் எழுதி, பேச வாய்ப்பு மறுக்கப்பட்ட உரையில் அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் எடுத்துவைத்தார். தேவை குறைந்த தொழிலை விட்டு வேறு தொழிலுக்குப் போக விடாமல் சாதி தடுக்கிறது, அதனால் வேலையின்மைக்குச் சாதியே நேரடிக் காரணமாகிறது என்பது அவர் வாதம்.

அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் தோல் தொழில்நுட்ப மாணவர்கள் அங்கேதான் படிக்கிறார்கள். அங்கு நடந்த வேலைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். தண்ணீர் இல்லாமல் குரோம் பதனிடும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். மாட்டின் கொலாஜனிலிருந்து தீக்காயத்துக்குக் கட்டும் சவ்வைச் செய்திருக்கிறார்கள். ஒரு டன் பச்சைத் தோலில் ஏறத்தாழ 200 கிலோதான் பதனிட்ட தோலாகத் தேறும், மீதி கழிவு. அந்தக் கழிவிலிருந்து பசை, ஜெலட்டின், எரிவாயு, மருத்துவப் பொருள் என்று எத்தனையோ தொழில்கள் பிறக்கலாம். அறிவியல் தயாராகவே இருக்கிறது. அந்தத் தொழில்களுக்கு முதலாளி யார், கூலி யார் என்பதுதான் என் கேள்வி. கழிவோடு யார் வாழ்கிறார்கள் என்பது 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தெரிந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள்.

ஆய்வு மையம் ஒன்று மக்கள் பக்கம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் இதே மண்ணில் சாட்சி இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை வலுவாக நிறுவிய தீர்ப்பு அது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிர் செய்யத் தகுதியற்றுப் போனது என்ற கணக்கு அதில் வருகிறது. கணக்கெடுத்தது வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம். மையத்தின் முத்திரை இருந்ததால் நீதிமன்றத்தில் அது செல்லுபடியானது.

ஆனால் ஹெக்டேர் என்பது நிலத்துக்கான அளவு. பட்டா இல்லாத கூலிக்காரர் எத்தனை நாள் வேலையை இழந்தார் என்று அதில் தெரியாது. எதை அளப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் அவர் இல்லை.

இன்னொரு முத்திரையைச் சொல்கிறேன். தோல்பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் விதி வைத்திருக்கிறது. பெரிய கம்பெனிக்குப் பரிசோதனைச் செலவு ஒரு பொருட்டில்லை. வேலையை விட்டு வந்து ஐந்து பேர் சேர்ந்து கைப்பை தைக்கிறார்கள் என்றால், சான்றிதழ் இல்லாமல் அந்தச் சந்தையின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. தொழில் அவர்கள் விரலில் இருக்கிறது, தாள் இல்லை. அதனால் மறுபடியும் ஒரு முதலாளியின் பெயரில்தான் தைக்க வேண்டியிருக்கிறது. பொது நிதியில் வாங்கிய கருவிகளை வெளியாரும் பயன்படுத்த ஐ-ஸ்டெம் என்ற இணையதளத்தை ஒன்றிய அரசு 2020இல் தொடங்கியது. நல்ல காரியம். ஆம்பூரில் நான் பேசிப் பார்த்த தொழிலாளர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. உலகச் சந்தை தோல் அல்லாத காலணிக்கு நகர்கிறது. தமிழ்நாடு அரசும் 2022இல் காலணி, தோல் பொருட்களுக்கான கொள்கையை வெளியிட்டது. புதிய ஆலைகள் பெரம்பலூர் போன்ற மாவட்டங்களுக்குப் போகின்றன. அங்கே வேலை கிடைப்பது மகிழ்ச்சிதான். பாலாற்றங்கரையில் ஐம்பது வயதில் நிற்கும் பெண் தொழிலாளி எங்கே போவார்?

சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்றிலும் எத்தனையோ கல்லூரிகள். வாரத்தில் ஒரு நாளாவது அவற்றின் கருவிகளை ஊராட்சிகளுக்கும் தொழிலாளர் கூட்டுறவுகளுக்கும் ஒதுக்க வேண்டும். முத்திரையோடு, தமிழில், இலவசமாக அறிக்கை தர வேண்டும். எந்த நிலத்தில் இன்னும் பயிர் வரும், எதில் உப்பைத் தாங்கும் தீவனம் மட்டும் வரும், எந்தக் கிணறு தேறும் என்று தெரியாமல் யார் எந்த மாற்றுத் தொழிலைத் தொடங்குவது? கருவியை இயக்கும் வேலைக்கு அந்தத் தெருக்களின் பிள்ளைகளையே பயிற்றுவித்து எடுக்க வேண்டும். ஆய்வகத்துக்குள் தலித் மாணவருக்குக் கருவி நேரம் கடைசியாகத்தான் கிடைக்கிறது என்பதை உங்களில் சிலர் அனுபவித்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் அந்த வரிசையைக் கலைக்காமல் வெளிக்கதவை மட்டும் திறந்து பயனில்லை.

இதைக் கிராமசபைத் தீர்மானமாகக் கொண்டுவர எங்கள் ஊரில் சிலர் முயன்றுகொண்டிருக்கிறோம். தீர்மானத்தின் மாதிரி வேண்டுபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கேளுங்கள். போன மாதம் பெரியம்மா போனில் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர்களும் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்களாம், ஒன்பது பாட்டில். எந்த வீட்டு போர், எத்தனை அடி ஆழம் என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.