கடை நடப்பது கணக்காலே!

(பரிசுச் சாமான் கடை ஒன்றின் திறப்பு விழாவில் செய்த சொற்பொழிவு)



இந்தப் பரிசுச் சாமான் கடையைத் திறந்து வைக்கும்படி என்னைக் கேட்டுக்கொண்ட தோழருக்கும் அவரது துணைவியாருக்கும் நான் மிகுதியும் நன்றி செலுத்துகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. மணி 5 ஆகிறது. பஞ்சாங்கப்படி 4.30 முதல் 6 வரை ராகுகாலமாம். வேண்டுமென்றேதான் இந்த நேரத்தை வைத்திருக்கிறார்கள். வாசலில் பூசணிக்காயும் உடைக்கவில்லை, எலுமிச்சம்பழமும் கட்டவில்லை. அக்கம்பக்கத்தில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் தோழர்களே, இதனால் ஒரு பெரும் பொறுப்பு ஏற்பட்டிருக்கிறது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். நல்ல நேரம் பார்த்துத் திறந்த கடை மூடப்பட்டால், "அவன் தலையெழுத்து" என்று சொல்லிவிடுவார்கள். ராகுகாலத்தில் திறந்த கடை மூடப்பட்டாலோ, "பார்த்தாயா?" என்று ஊரே பேசும். ஆகையால் இந்தக் கடை நஷ்டப்படக் கூடாது. அதற்கு வழி என்ன என்பதைப் பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்லப் போகிறேன்.

நான் அதிகம் படித்தவனல்ல. ஆனால் இதே மாதிரிக் கடை வைத்து, என் துணைவியின் 6 பவுன் நகையைத் தொலைத்தவன். அந்த யோக்கியதையில்தான் பேசுகிறேன். அப்போது நான் இயக்கத்துக்கு வராதவன். சோதிடனைக் கேட்டு நாள் குறித்து, ஹோமம் வளர்த்துத் திறந்தேன். 14 மாதத்தில் மூடினேன். நாள் என்னைக் காப்பாற்றவுமில்லை, கெடுக்கவுமில்லை. கெடுத்தது என் கணக்கு.

100 ரூபாய்க்கு வாங்கியதை 150-க்கு விற்றேன். பாதிக்குப் பாதி லாபம் என்று நினைத்தேன். கல்லாவில் விழுவதில் மூன்றில் ஒரு பங்குதான் லாபம் என்பது தெரியவில்லை. வந்தவர் பேரம் பேசினால் 30 ரூபாய் குறைத்தேன். அதாவது 50 ரூபாய் லாபத்தில் 30-ஐ நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன்! மிச்சம் 20. அதில் வாடகை கொடுப்பதா, விளக்குக்குக் கொடுப்பதா, அரிசி வாங்குவதா?

ஆகவே முதலில் இதைக் கணக்குப் போடுங்கள். மாத வாடகை 8,000, கரண்ட், வண்டிச் சத்தம், பொட்டலம் கட்டும் காகிதம் எல்லாம் சேர்த்து 4,000, உங்கள் இருவருடைய கூலி 12,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24,000. மூன்றில் ஒரு பங்கு லாபமானால் மாதம் 72,000 ரூபாய்க்கு, அதாவது நாள் ஒன்றுக்கு 2,400-க்கு விற்றாக வேண்டும். இந்த எண்ணைக் கல்லாப் பெட்டிக்குள் எழுதி ஒட்டுங்கள். லட்சுமி படத்தைவிட அது உதவும். "சொந்தக் கடைதானே, கூலி எதற்கு?" என்று கேட்பவன் தன் உழைப்பையும் தன் மனைவியின் உழைப்பையும் இனாமாக எண்ணுகிறவன். கடைப் பணத்துக்குத் தனி பாங்குக் கணக்கு வையுங்கள். வீட்டுச் செலவு கூலியிலிருந்து மட்டுமே போக வேண்டும்.

நிற்க, இரண்டாவது விஷயம் சரக்கு. "மொத்தமாக எடுத்தால் சல்லிசு" என்று ஒரு மொத்த வியாபாரி சொன்னதைக் கேட்டு, 60 கண்ணாடி பொம்மைகள் எடுத்தேன். 20 விற்றது. 40 தூசி படிந்து நின்றது. நின்றது பொம்மையல்ல, தோழர்களே, என் முதல்! ஆதலால் வகை அதிகமாகவும், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்றாகவும் எடுங்கள். சாமானின் அடியில் வாங்கிய மாதத்தைக் குறியுங்கள். 6 மாதம் போகாததை வாங்கிய விலைக்கே தள்ளிவிட்டு, ஓடுகிற சரக்கில் அந்தப் பணத்தைப் போடுங்கள்.

பெரிய கடையில் கிடைக்கும் அதே பிளாஸ்டிக் சாமானை வைத்துக்கொண்டு அவனோடு விலையில் போட்டிபோட முடியாது. பத்தமடைப் பாய், தஞ்சாவூர்ப் பொம்மை முதலியவைகளைச் செய்கிறவர்களிடமே நேரே ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். தஞ்சாவூர்ச் சாய்ந்தாடும் பொம்மையை எத்தனை தரம் தள்ளினாலும் ஏன் எழுந்து நிற்கிறது? மந்திரமா? அடியில் பாரம் இருக்கிறது, அவ்வளவுதான். கடைக்கும் அப்படியே 3 மாதச் செலவு கையிருப்பாக அடியில் இருக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணங்கள் குறையும். அது மூடநம்பிக்கை என்று நான் மேடையில் சொல்லலாம். கடைக்காரர் அதை மறந்து சரக்கு நிரப்பினால் முழுகிப் போவார். அந்த மாதங்களுக்குப் பள்ளிக்கூடப் பரிசு, பிறந்தநாள், பணி ஓய்வு விழா ஆகியவைகளை முன்கூட்டியே தேடிப் பிடிக்க வேண்டும்.

சட்டத்துக்கும் வீணாகப் பயப்பட வேண்டாம். 2019 முதல் நம் மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்கும் கடைக்கு, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை, பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்யாதவர் பில்லில் வரி வசூலிக்கவும் கூடாது. அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு காசும் வாங்கக் கூடாது. நாளைக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தால் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். கடையில் வேலை செய்வோர்க்கு உட்கார இடம் தரவேண்டுமென்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே செய்தாய்விட்டது. மனிதனை நாள் முழுவதும் நிற்க வைப்பது மரியாதை ஆகாது.

கடைசியாக ஒன்று. வாஸ்து ஆமை, ராசிக் கல், திருஷ்டிக் கண் இவைகளில்தான் லாபம் அதிகம் என்று உங்களிடம் சொல்லுவார்கள். லாபம் உண்மைதான். ஆனால், "இதை வைத்தால் பணம் கொட்டும்" என்று சொல்லி விற்பது வியாபாரமல்ல. வந்தவன் பயத்தைத் திருடுவதாகும். அதைக் கேட்டு வருகிறவரைக் கேலி செய்யாதீர்கள். "எங்களிடம் இல்லை, வேறு நல்ல சாமான் இருக்கிறது, பாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பிரசங்கத்தை எங்களுக்கு விட்டுவிடுங்கள்.

தோழர்களே! அடுத்த வருஷம் இதே ராகுகாலத்தில் இங்கே கூடுவோம். அன்று என் பேச்சு வேண்டாம். இவர்களுடைய கணக்குப் புத்தகம் பேசட்டும். இப்போது முதல் சாமானை நான் வாங்குகிறேன். தள்ளுபடி கேட்கமாட்டேன். நீங்களும், இயக்கத் தோழர் கடைதானே என்று கடன் சொல்லாதீர்கள்!