ஒலிம்பிக் தீவட்டியும் இரத்தப் பெருமையும்

(ஒரு சுயமரியாதைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



1936-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து பெர்லின் நகரத்தில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாமென்று வந்திருக்கிறேன். ஓட்டப் பந்தயத்துக்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கேட்டு முடித்த பிறகு நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

முதலில் தீவட்டிச் சங்கதி. அவ்வருஷம் ஜூலை 20-ந் தேதி கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் சில பெண்களுக்குப் பழங்காலத்து உடை உடுத்தி, குழிக்கண்ணாடியில் சூரிய வெளிச்சத்தைக் குவித்து நெருப்பு உண்டாக்கினார்கள். அதை மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் கை மாற்றிக் கை மாற்றி ஏழு நாடுகள் வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடி, ஆகஸ்ட் 1-ந் தேதி பெர்லின் மைதானத்தில் சேர்த்தார்கள். பார்க்கிறவனுக்கு இது ஈராயிரம் வருஷத்துப் புராதனச் சடங்கு என்றே தோன்றும். ஆனால் பழைய ஒலிம்பிக்கில் இப்படி நாடு விட்டு நாடு ஓடும் தீவட்டி ஓட்டமே கிடையாது! கார்ல் டீம் என்ற ஜெர்மன் விளையாட்டு அதிகாரி அந்தப் பந்தயத்துக்காகவே கட்டிவிட்ட காரியம் அது. கண்ணாடி செய்தது ஜைஸ் கம்பெனி. தீவட்டி செய்தது பீரங்கி வார்க்கும் குரூப் கம்பெனி. வெளிச்சம் ஓரிடத்தில் குவிந்தால் சூடு உண்டாகிறது, அவ்வளவுதான். இதில் தெய்வம் எங்கே வந்தது? ஒரு சடங்கு புராதனமானது என்று எவனாவது சொன்னால், அதை ஏற்படுத்தியவன் யார், எந்த வருஷம், யாருடைய லாபத்துக்கு என்று கேளுங்கள். பாதிச் சடங்குகளுக்கு அந்தக் கேள்வியே போதும்.

நிற்க. அந்தத் தீவட்டியை வரவேற்ற கூட்டம் எது? ‘ஆரிய இரத்தமே உயர்ந்தது’ என்று சொன்ன ஹிட்லர் கூட்டம். ஆரியர் என்ற பெயர் நம் காதுக்குப் புதிதல்ல. 1935-ல் அவர்கள் சட்டம் செய்து யூதர்களின் பிரஜா உரிமையைப் பறித்தார்கள். கிரேட்டல் பெர்க்மன் என்ற யூதப் பெண் 1936 ஜூனில் 1.60 மீட்டர் உயரம் தாண்டி ஜெர்மன் சாதனைக்குச் சமமாக நின்றாள். பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவளை நீக்கிவிட்டார்கள். தாண்டிய கால் அவளுடையது. அளந்த கோல் அவர்களுடையது. கோலைவிட இரத்தம் பெரிதாகப் போய்விட்டது!

அமெரிக்காவிலிருந்து ஜெஸ்ஸி ஓவன்ஸ் வந்தார். அடிமைகளின் பேரன், வாரத்துக்குப் பயிரிட்ட ஏழையின் மகன். 100 மீட்டர், 200 மீட்டர், நீளத் தாண்டல், நால்வர் தொடர் ஓட்டம் ஆகிய நான்கிலும் தங்கப் பதக்கம் வாங்கினார். தாண்டியது 8.06 மீட்டர். அதில் இரண்டாவதாக வந்த லுட்ஸ் லாங் என்ற ஜெர்மானியர், ஹிட்லர் பார்த்திருக்க, முதல் ஆளாக வந்து வாழ்த்தினார்.

ஹிட்லர் ஓவன்ஸுக்குக் கைகொடுக்க மறுத்து எழுந்து போனான் என்று ஒரு கதை உண்டு. நமக்கு அனுகூலமான கதையென்றாலும் விசாரிக்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. போட்டியின் முதல் நாள் சிலருக்கு மட்டும் அவன் கைகொடுத்தான். கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் யாருக்குமே கூடாது என்று ஒலிம்பிக் கமிட்டியார் சொல்லவே, பகிரங்கமாகக் கைகொடுப்பதை நிறுத்திக்கொண்டான். ஓவன்ஸின் முதல் வெற்றி அதற்கு மறுநாள்தான்.

ஆனால் ஹிட்லரின் மந்திரி ஆல்பர்ட் ஸ்பீர் பிற்காலத்தில் எழுதியதைப் பாருங்கள். காட்டில் வாழ்ந்தவர்களின் சந்ததிக்கு உடல்வலி அதிகம், அவர்களோடு போட்டியிடுவது நியாயமல்ல, இனி அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று ஹிட்லர் சொன்னானாம்! தன் ஆள் ஜெயித்தால் இரத்தத்தின் உயர்வு; அடுத்தவன் ஜெயித்தால் மிருக பலம். எப்படிப் போட்டாலும் தோற்காத சித்தாந்தம். நம் ஊர் வருணக்காரனும் இப்படித்தான். சூத்திரன் படிக்கவில்லையென்றால் பிறவிக் குணம் என்கிறான். படித்துவிட்டால் பூர்வ ஜென்மத்தில் பிராமணனாயிருந்திருப்பான் என்கிறான்.

“பதக்கக் கணக்கில் ஜெர்மனிதானே முதலில் நின்றது?” என்று கேட்கலாம். உண்மைதான்; 89 பதக்கம். ஆனால் 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே ஜெர்மானியர் வாங்கிய தங்கம் மூன்றே மூன்று. நான்கு வருஷத்தில் ஒரு ஜாதியின் இரத்தம் மாறிவிடுமா? சர்க்கார் கொட்டிய பணமும், கொடுத்த பயிற்சியும், சொந்த ஊரில் நடந்த வசதியும் மாறியது.

இதைக் கேட்டு அமெரிக்காக்காரன் மார்தட்ட வேண்டாம். பெர்லினில் வெள்ளையரோடு ஒரே விடுதியில் தங்கிய ஓவன்ஸுக்கு, அவர் படித்த ஒஹையோ கலாசாலை விடுதியில் இடமில்லை. நியூயார்க்கில் அவருக்கே நடந்த விருந்துக்குச் சாமான் ஏற்றும் லிப்டில்தான் போகச் சொன்னார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடமிருந்து ஒரு வாழ்த்துத் தந்திகூட வரவில்லை. பிறகு வயிற்றுப் பிழைப்புக்காகக் குதிரைகளோடு பந்தயம் ஓடினார், தோழர்களே, நான்கு தங்கம் வாங்கிய மனிதர்!

நேரமாகிவிட்டது. இன்னும் பேசவேண்டிய தோழர்கள் காத்திருக்கிறார்கள், இம்மட்டில் நிறுத்திக்கொள்ளுகிறேன்.