பூட்டிய கதவும் திறந்த நூலும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டு என்பது ஒரு தலைமுறை பிறந்து, படித்து, ஆளாகி நிற்கும் காலம். இந்தக் காலத்தில் நம் கழகம் ஆற்றிய பணிகளை இங்கே பலரும் எடுத்துரைத்தனர். கேட்டு நாமும் மகிழ்ந்தோம். ஆனால், வெள்ளி விழா என்பது வாழ்த்துப் பெறுவதற்கு மட்டும் உரிய நாள் அன்று. கணக்குப் பார்ப்பதற்கும் உரிய நாள். ஆகவே, 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய பெருந்தொற்றுக் காலத்தில் பொது நூலகங்கள் மக்களுக்கு எவ்வாறு துணை நின்றன என்பதையும், அந்த நாள்களில் நம் படிப்பகம் என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்பதையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நூலகத்தைப் பற்றிப் பேசும் உரிமையை நமக்கு யாரும் இரவல் தரவில்லை. 1924-இல் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் ‘பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை’யைத் தொடங்கியபோது, அதன் நோக்கங்களுள் மாணவர் விடுதிகளோடு நூலகங்களையும் படிப்பு வட்டங்களையும் சேர்த்தே எழுதினார். உணவும் உறைவிடமும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதது நூல் என்பது அவர் துணிபு. நோய்க்காலத் தொண்டும் நம் மரபிற்குப் புதிதன்று. 1897-இல் பூனா வட்டாரத்தைக் கொள்ளை நோய் வாட்டியபோது, ஆசிரியையாகிய சாவித்திரிபாய் புலே வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கவில்லை. நோயுற்றோரைத் தம் மகனின் மருத்துவ நிலையத்திற்குக் கொண்டுசென்று பணி செய்தார். அந்நோய்க்கே தம் உயிரையும் ஈந்தார். கற்பித்தலும் காத்தலும் ஒரே தொண்டின் இரு கைகள் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

இனி, நம் காலத்திற்கு வருவோம்.

2020 மார்ச் 11 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பள்ளிகள் மூடின, நூலகங்கள் மூடின. உலகெங்கும் இதே நிலைதான். அமெரிக்க நாட்டில் அந்த மார்ச் இறுதியில் 2,500-க்கும் மேற்பட்ட பொது நூலக அமைப்புகளிடம் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நூலகங்கள் மக்களுக்குக் கதவை மூடிவிட்டன என்று தெரிந்தது. மூடியது தவறன்று. உயிர் இருந்தால்தானே படிப்பு? ஆனால், கதவை மூடிய பின் நூலகர்கள் என்ன செய்தனர் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

அங்குப் பல நூலகங்கள் கட்டடத்தைப் பூட்டினாலும், கம்பியில்லா இணைய இணைப்பை அணைக்கவில்லை. வீட்டில் இணையம் இல்லாதோர் நூலக வாயிலிலும், வண்டி நிறுத்துமிடத்திலும் அமர்ந்து வேலைக்கு விண்ணப்பித்தனர். பிள்ளைகள் பாடம் பயின்றனர். கனடாவின் டொராண்டோ நகரில் மூடிய நூலகக் கிளைகள் சில உணவுப் பொருள் வழங்கும் நிலையங்களாக மாறின. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரை அடுத்த யாரா பிளெண்டி வட்டார நூலகத்தார், முதிய உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்து நலம் கேட்டனர். ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று வினவினர். சான் பிரான்சிஸ்கோ நகர நூலகர்களுள் பலர், நோய் தொற்றியவர் யார் யாருடன் பழகினார் என்பதைக் கேட்டறியும் சுகாதாரப் பணிக்குப் பயிற்சி பெற்றுச் சென்றனர். வந்தவரிடம் பொறுமையாகப் பேசி, அவர் வேண்டுவதை அறிந்து சொல்வதுதானே நூலகரின் அன்றாடத் தொழில்? அத்திறமை நோய்க்காலத்தில் உயிர் காக்கும் திறமை ஆயிற்று.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் கதை என்று நீங்கள் எண்ணலாம். அண்டை மாநிலமாகிய கேரளத்தைப் பாருங்கள். 2020 ஜூன் முதல் நாள் அங்குத் தொலைக்காட்சி வழியே வகுப்புகள் தொடங்கின. தொலைக்காட்சியோ இணையமோ கிட்டாத மாணவர் ஏறத்தாழ 2,61,000 பேர் என்று அதற்கு முன்பே அரசு கணக்கெடுத்திருந்தது. வகுப்பு தொடங்கிய அந்த முதல் நாளிலேயே, நம்மைப் போன்ற குடும்பத்தில் பிறந்த பள்ளி மாணவி ஒருத்தி, பாடம் காண வழியில்லையே என்ற ஏக்கத்தில் தன் உயிரைத் துறந்தாள். நன்கு படித்த பெண். அவளைக் கொன்றது கொரோனா அன்று.

அவள் மறைவுக்குப் பின் அங்கு ஒரு பணி விரைவு பெற்றது. ஊர்ப் படிப்பகங்களிலும், அங்கன்வாடிகளிலும், பொதுக் கூடங்களிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்து, வசதியற்ற பிள்ளைகளை இடைவெளி விட்டு அமர்த்திப் பாடம் காணச் செய்தனர். இது எப்படி இயன்றது? 1945-இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களை ஒன்று கூட்டித் தொடங்கிய இயக்கம், ஊர்தோறும் ஒரு கூடத்தை எழுப்பி வைத்திருந்தது. வெள்ளம் வந்த பின் தோணி செய்ய முடியாது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் செய்து வைத்த தோணி அன்று கைகொடுத்தது.

தமிழ்நாட்டிற்கும் நூலக வரலாறு இல்லாமல் இல்லை. 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்தோறும் கொண்டுசென்ற நடமாடும் நூலகத்தைக் கனகசபைப் பிள்ளை அமைத்தார். நூலகத் தந்தை எஸ். ஆர். அரங்கநாதன் தொடங்கி வைத்தார். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதற்சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத் தண்டப்படுகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையின் வழியே அவ்வரியைச் சுமக்கிறார். எனவே, நூலகம் எவரோ நமக்கு இடும் தருமம் அன்று; நம் காசில் நடப்பது, நம் உரிமை.

பெருந்தொற்றில் மூடிய பொது நூலகங்கள் தமிழ்நாட்டில் 2020 செப்டம்பர் முதல் நாள் தொடங்கிக் கட்டுப்பாடுகளோடு திறக்கப்பட்டன. ஆனால், ஒன்று முதல் எட்டு வரை பயிலும் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் முதல் நாள்தான். ஓராண்டு ஏழு திங்கள்! இணையத்தில் படியுங்கள் என்றனர். 2017–18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளுள் இணைய வசதி பெற்றவை நூற்றுக்குப் பதினைந்து; கணினி உடையவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. எஞ்சிய வீடுகள் யாருடையவை என்பதை இந்தப் பந்தலில் இருப்போருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நம் படிப்பகத்தின் கணக்கு.

ஊரடங்கு வந்த அன்றே நாங்கள் படிப்பகத்தைப் பூட்டினோம். சாவி செயற்குழுவிடம் இருந்தது. அரிசியும் பருப்பும் திரட்டி வீடுவீடாகக் கொடுத்தோம். அதில் நம் இளைஞர்கள் காட்டிய ஊக்கத்தை எத்துணைப் பாராட்டினும் தகும். ஆனால், நூல்களை நாங்கள் மறந்தோம். வயிற்றுக்கு வழி செய்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணினோம். நான்கு திங்கள் கழிந்தன. ஒரு நாள் மாலை, ஏழாம் வகுப்புப் படித்த சிறுமி ஒருத்தி வந்து, “பள்ளிக்கூடத்தை அரசாங்கம் பூட்டியது, நம்ம படிப்பகத்தை யார் பூட்டினது?” என்று கேட்டாள். எங்களிடம் விடை இல்லை. பூட்டியது நாங்கள். திறக்க வேண்டியவர்களும் நாங்களே. எவரும் எங்களைத் தடுக்கவில்லை. எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அலமாரியை முன்திண்ணைக்குக் கொண்டுவந்தோம். உள்ளே எவரும் வர வேண்டாம். வேண்டும் நூலைச் சொன்னால் எடுத்துத் தருவோம் என்றோம். திரும்பி வந்த நூல்களை இரும்புப் பெட்டியில் தனியே வைத்துச் சில நாள் கழித்தே மற்றவருக்குக் கொடுத்தோம். கல்வித் தொலைக்காட்சியைப் பிள்ளைகள் வெளியிலிருந்து காணும்படி சன்னலோரம் பெட்டியை வைத்தோம். கல்லூரி மாணவர் இருவர் வேப்பமரத்தடியில் கணக்குப் பாடம் சொல்லித் தந்தனர்.

2021-இல் தடுப்பூசி வந்தது. மே முதல் நாளிலிருந்து சில வாரங்கள், பதினெட்டு முதல் நாற்பத்து நான்கு வயது வரை உள்ளோர் இணையத்தில் பதிவு செய்தாலன்றி ஊசி இல்லை என்ற நிலை இருந்தது. துப்புரவுப் பணிக்கும் கட்டட வேலைக்கும் செல்வோர் அதற்கு எங்கே போவார்? படிப்பகத் திண்ணையில் நம் பெண்கள் கைப்பேசியோடு அமர்ந்து, ஒவ்வொருவராகக் கேட்டுப் பதிந்தனர். ஊசி போட்டால் ஆள் பிழைக்காது என்று பரவிய வதந்தியையும் அங்கேயே பேசிப் போக்கினர். செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுவதும் நூலகப் பணியே என்பதை அன்று உணர்ந்தோம்.

இவ்வளவு செய்தும் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. பள்ளி திறந்தபின் படிப்பகப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். சில பெயர்களுக்கு உரியவர் திரும்பி வரவில்லை. ஒரு பையன் செங்கல் சூளைக்குச் சென்றிருந்தான். இன்னொருவன் நூற்பாலையில் இருந்தான். ஒரு பெண்ணுக்குத் திருமணம் முடிந்திருந்தது. அந்த முதல் நான்கு திங்களில் கதவு திறந்திருந்தால் அவர்கள் தங்கியிருப்பார்களா? தெரியாது. ஆயினும் அந்தப் பதிவேட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நான்கு திங்கள் எங்களை உறுத்துகின்றன.

இளைஞர்களே, இங்கு ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நோய்க்காலத்தில் ‘சமூக இடைவெளி’ என்று எங்கும் முழங்கினர். அச்சொல்லைக் கேட்டு நம் முதியோர் கசப்போடு சிரித்தனர். ஊருக்கும் காலனிக்கும் இடையே இருப்பது எந்த இடைவெளி என்று அவர்கள் அறிவார்கள். உலக நலவாழ்வு நிறுவனமே பின்னர் ‘உடல் இடைவெளி’ என்று சொல்லலாயிற்று. நூல்களிலும் நச்சுயிர் தங்குமோ என்று அஞ்சி, அமெரிக்க நூலகங்களுக்காக ஆய்வுக்கூடத்தில் சோதித்தனர். தனித்தனியே பரப்பி வைத்த நூல்களில் மூன்று நாளுக்குப் பின் நச்சுயிர் தென்படவில்லை. அடுக்கி வைத்தவற்றில் ஆறு நாளுக்குப் பின்னும் தென்பட்டது. அதற்கேற்ப நூல்களை ஒதுக்கி வைத்தனர். பொருள்களைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2021-இல் தெளிவானதும் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். அந்த ஒதுக்கலுக்குக் காரணம் இருந்தது, சோதனை இருந்தது, முடிவும் இருந்தது. நம் மீது சுமத்திய ஒதுக்கலுக்கு இம்மூன்றும் இருந்ததில்லை. அறிவியல் என்பது என்ன, மூடத்தனம் என்பது என்ன என்று பிரித்தறிய இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? இதைக் கற்றுத் தருவதற்கே நமக்கு நூலகம் வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வெள்ளி விழா நினைவாகத் தெருமுனையில் அலங்கார வளைவு ஒன்று எழுப்ப வேண்டும் என்று ஒரு கருத்து கழகத்தில் உலவுகிறது. அவ்வாறு கூறுவோரின் அன்பை மதிக்கிறோம். வளைவு அழகாக இருக்கும். அதன் கீழே நாம் நடந்து போவோம். ஆனால், அடுத்த நோயோ வெள்ளமோ வரும்போது அந்த வளைவின் நிழலில் ஒரு பிள்ளைகூட அமர்ந்து படிக்க இயலாது. அந்தப் பணத்தில் படிப்பகத்திற்கு நாற்புறமும் சன்னல் வைத்த, காற்றோட்டமுள்ள ஒரு கூடம் கட்டுவோம். அதற்கு ஓர் இணைய இணைப்பும் இரண்டு கணினியும் வாங்குவோம். வீட்டுக்கு வர இயலாதோருக்கு நூல் கொண்டுசெல்ல மிதிவண்டி ஒன்றும் பெட்டி ஒன்றும் போதும். மன்னார்குடியில் மாட்டுவண்டி போதுமானதாக இருந்ததே! உறுப்பினர் ஒவ்வொருவரின் தொலைபேசி எண்ணையும் பதிவேட்டில் எழுதி, இடுக்கண் வந்தால் முதலில் முதியோரையும் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துக் கேட்போம். நம் பகுதிக்கு அரசின் கிளை நூலகம் வேண்டும் என்று வரி செலுத்துவோர் என்ற உரிமையோடு மனுக் கொடுப்போம்.

இன்னும் ஒன்று. படிப்பகத்தின் சாவி இனிச் செயற்குழுவிடம் இருக்க வேண்டாம். அதை இளைஞர் இருவரிடம், அவருள் ஒருவர் பெண்ணாக, ஒப்படைக்க வேண்டும் என்று முன்மொழிகிறோம். அன்று அந்தச் சிறுமி கேட்ட கேள்விக்கு நாங்கள் தரக்கூடிய விடை இதுதான். அவள் இன்று கல்லூரியில் பயில்கிறாள். இந்தப் பந்தலில்தான் இருக்கிறாள். சாவிகளுள் ஒன்று அவள் கைக்குப் போகுமானால், இந்த விழா தன் பயனைப் பெற்றுவிட்டது என்போம்.