ஏடும் சில்லும்: பிழை திருத்தும் கலை

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பெசன்ட் நகரிலுள்ள உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்து ஓலைச்சுவடிகளைக் காணும்போது, நமக்குச் சீவக சிந்தாமணி நினைவிற்கு வரும். கும்பகோணத்துச் சமணப் பெருமக்களிடம் ஐயந் தீரக் கேட்டறிந்து, ஐயரவர்கள் 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார்கள். பல கைகள் பெயர்த்தெழுதிய ஏடுகளில் பிழை புகுவது இயல்பே. ஆயினும் செய்யுளடியின் இரண்டாம் எழுத்து மாறினால் எதுகை கெடும். சீர் விடுபட்டால் அடி குறையும். யாப்பு ஓசை தருவதோடு, பிழையைக் காட்டும் காவலாகவும் நின்றது.

அக்காவல் இன்று நம் அலைபேசியினுள்ளும் இருக்கின்றது. செய்தி யாவும் 0, 1 என்னும் பிட்களாகச் செல்கின்றன. வழியில் இரைச்சலால் 0 என்பது 1 ஆகத் திரியலாம். ஆகவே, குறிப்பிட்ட சில பிட்களுள் உள்ள 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகுமாறு ஒரு காவற்பிட்டைச் சேர்த்து அனுப்புகின்றனர். இவ்வாறு பல கூட்டங்கள் அமைத்தால், எவ்வெக்கூட்டம் தவறியது என்பதைக் கொண்டு பிழையின் இடத்தையே அறியலாம். நான்கு பிட்களுக்கு மூன்று காவற்பிட்கள் சேர்த்து ஒரு பிழையைத் திருத்தும் முறையை 1950இல் ரிச்சர்ட் ஹாமிங் வெளியிட்டார்.

5ஜி அலைபேசியில் தரவுகளைக் காப்பது, 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கேலகர் கண்ட எல்.டி.பி.சி. என்னும் குறியீட்டு வகையாகும். அதில் ஒரு கட்டில் 8,448 செய்திப்பிட்கள் வரை அடங்கும். அவற்றிற்கு 17,664 காவற்பிட்கள் வரை கணக்கிடலாம். எந்தக் காவற்பிட்டிற்கு எந்தச் செய்திப்பிட்களைக் கூட்டுவது என்று நேரடியாக அட்டவணையிட்டால், 14.9 கோடிக்கு மேற்பட்ட கட்டங்கள் வேண்டும். அதனைச் சில்லில் பதித்தால் இடமும் மின்னாற்றலும் வீணாகும். காவலின் செலவு தாங்க இயலாததாயின், காவலையே கைவிட நேரும்.

இதற்கு விடை குறியீட்டின் ஒழுங்கமைப்பில் உள்ளது. 384 பிட்களை ஒரு வரிசையாகக் கொண்டு, வரிசை முழுவதையும் சுழற்றிக் கூட்டுகின்றனர். மயிலை மாட வீதிகளைச் சுற்றுவோர் புறப்பட்ட முனைக்கே மீள்வது போல, கடைசியில் விழும் பிட் முதலிடத்திற்கு வரும். எத்தனை இடம் சுழற்றுவது என்னும் 316 எண்களே இப்போது அட்டவணையில் வேண்டுவன.

முதல் நான்கு சமன்பாடுகளையும் ஒருங்கே கூட்டினால், மூன்று காவல்வரிசைகள் தம்முள் கழிந்து, ஒன்று மட்டும் எஞ்சும். அதனைக் கொண்டு மற்ற மூன்றையும் படிப்படியாகப் பெறலாம். ஏனைய 42 வரிசைகள் ஒன்றையொன்று எதிர்பாராதவை. விரைவு வேண்டின் அவற்றைப் பல மின்சுற்றுகளில் ஒரே காலத்தில் கணக்கிடலாம். சிக்கனம் வேண்டின் ஒரே மின்சுற்றை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். இவ்விரண்டிற்கும் இடையே தக்க அளவைத் தேர்வதே வன்பொருள் வடிவமைப்பாளரின் பணி.

இக்கல்வி நமக்குத் தொலைவில் இல்லை. அடையாற்றை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று எட்டு நிறுவனங்கள் உருவாக்கிய 5ஜி சோதனைத் தளம், 2022 மே 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அக்கழகத்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ தங்கராஜ் அவர்கள் 5ஜி குறியீடுகளைப் பற்றி நடத்திய பாடத்தை, என்.பி.டி.இ.எல். வழியாக யாவரும் வீட்டிலிருந்தே கேட்கலாம்.

பொறியியல் பயிலும் நம் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவேன். புலவர் செய்யுளை முடித்தபின் எதுகையைத் தேடி ஒட்டவைப்பதில்லை. அவ்வாறே இக்குறியீட்டை வகுத்தோரும், எளிதில் கணக்கிடத்தக்க அமைப்பைத் தொடக்கத்திலேயே அதனுள் வைத்தனர். ஆதலின், மின்சுற்றை வரையத் தொடங்குமுன் கணக்கின் அமைப்பை நன்கு பயிலுங்கள். அங்கே காணும் ஒழுங்கே பின்னர்ச் சில்லில் இடத்தையும் ஆற்றலையும் மிச்சப்படுத்தும்.