காய்ச்சலையும் மறைக்க வேண்டாம், பயத்தையும் மறைக்க வேண்டாம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவியருக்கான கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மழைக்காலம் தொடங்கிவிட்டது. மழையோடு காய்ச்சலும் வரும். கேகாலை, இரத்தினபுரி, மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் டெங்கும் எலிக்காய்ச்சலும் புதிதல்ல. மேலே குளிர் கூடிய தோட்டங்களிலும் இருமல், சளிக்காய்ச்சல் என்று லயம் லயமாகப் பரவும். காய்ச்சல் பரவும்போது கூடவே பரவுகிற பயத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

“பயத்தைப் பற்றி சங்கம் பேச என்ன இருக்கிறது? அது அவரவர் மனசு” என்று சிலர் கேட்கலாம். பயந்தவர் காய்ச்சலை மறைக்கிறார். மறைத்த காய்ச்சல் வீட்டில் முற்றுகிறது, அடுத்த காம்பராவுக்கும் போகிறது. அதனால் பயத்தைக் கையாளுவதும் நோயைத் தடுக்கிற வேலைதான். அது ஒருவர் தனியாகச் செய்து முடிக்கிற வேலையும் இல்லை.

கொவிட் காலம் காட்டிய பாடம்

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். தேயிலை வேலைக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். வீட்டிலேயே இருங்கள் என்று வானொலி சொன்னது. மலைக்கு வாருங்கள் என்று பிரட்டுக்களம் சொன்னது. ஒரு மீற்றர் இடைவெளி விடச் சொன்னார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிற குடும்பம் எங்கே இடைவெளி விடும்? அடிக்கடி கை கழுவச் சொன்னார்கள். இருபது குடும்பத்துக்கு ஒரு பீலி என்றால் எத்தனை தடவை போய் நிற்பது?

அந்த நேரம் நமக்கு வந்த பயத்தை அறியாமை என்று சிலர் சொன்னார்கள். அது அறியாமை இல்லை. இடத்தையும் தண்ணீரையும் சம்பளத்தையும் கணக்குப் பார்த்ததால் வந்த பயம் அது.

அதே ஆண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், பிறகு பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று பெருகியது. நம்முடைய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளி நெருங்கும்போது மேல் மாகாணத்தைவிட்டு வெளியே போகத் தடை வந்தது. தடைக்கு முன்னமே வீடு வந்து சேர்ந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களைக் கண்டதும் சில லயங்களில் கதவைச் சாத்தினார்கள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன தாயை “நீ பிறகு வா” என்று திருப்பி அனுப்பினார்கள். பிள்ளை குணமான பிறகும் அந்த வீட்டை “கொரோனா வீடு” என்றே சொன்னார்கள்.

நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தை நினைத்துப் பாருங்கள். கோப்பிக் காலத்தில் அவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதித்த பிறகுதான் கப்பலேற விட்டார்கள். அந்தக் காலத்து அதிகாரிகள் நம் மக்களை நோயைக் கொண்டு வருகிற கூட்டமாகத்தான் பார்த்தார்கள். தண்ணீரும் சாப்பாடும் தங்க இடமும் இல்லாமல் நடக்கவைத்ததைப் பற்றிப் பேச்சில்லை. பழி மட்டும் நடந்தவர்கள் மேல் விழுந்தது. அந்தப் பழியைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்னொரு வீட்டின் மேல் அதே பழியைப் போடக்கூடாது.

பயம் என்னென்ன செய்கிறது

முதலாவது, ஏற்கெனவே சொன்ன மறைப்பு. ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. கடைக் கணக்கும் நுண்கடன் தவணையும் நிற்காது. அதனால் காய்ச்சலோடு இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்குகிறோம். அக்கம்பக்கம் என்ன பேசுமோ என்ற பயம் வேறு.

இரண்டாவது, உடம்பு. நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், வயிற்றைக் கலக்கும், இரவில் தூக்கம் வராது. உடனே “எனக்கும் அந்த நோய் வந்துவிட்டது” என்று தோன்றும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது, அதனால்தான் அந்தப் படபடப்பு. ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் நாள் கணக்கில் நிற்கும்போது அது நம்மையே களைக்க வைக்கிறது. ஆனால் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் விடாமல் இருந்தால் பயம் என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாவது, வீடு. ஆண்கள் பலர் பயத்தைப் பயம் என்று சொல்வதில்லை. அது கோபமாக வரும், அல்லது குடியாக வரும். அடி விழுவது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். குடித்தால் அன்று இரவு தூக்கம் வந்த மாதிரி இருக்கும். விடியும்போது படபடப்பு கூடித்தான் இருக்கும், கையில் காசும் இருக்காது.

நான்காவது, பிள்ளைகள். பாடசாலையில் படிப்பிக்கிற எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2020 மார்ச்சில் மூடிய பாடசாலைகள் இடையிடையே திறந்தன, மறுபடி மூடின. 2021 ஒக்டோபர் 21ஆம் திகதிதான் 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளை முதலில் திறந்தார்கள். திரும்பி வந்த சின்னப் பிள்ளைகளில் எழுத்தை மறந்தவர்கள் இருந்தார்கள். அம்மாவின் சேலையை விடாமல் அழுதவர்கள் இருந்தார்கள். பெரிய வகுப்புப் பையன்களில் சிலர் கடை வேலைக்குப் போனவர்கள்தான், வகுப்புக்குத் திரும்பவே இல்லை. நோய் நின்ற பிறகும் அதன் வேலை நிற்கவில்லை.

நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது

பயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வது வெட்கம் இல்லை. எதற்குப் பயம் என்று பிரித்துப் பாருங்கள். நோய்க்கா, சம்பளம் போவதற்கா, பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்கா? மொத்தமாக நெஞ்சில் கிடக்கும்போது மலையாகத் தெரிவது, பிரித்தால் இரண்டு மூன்று வேலையாகத் தெரியும்.

செய்திக்கு ஒரு நேரம் வையுங்கள். நாளுக்கு ஒரு தடவை வானொலிச் செய்தி போதும். வாட்ஸ்அப்பில் வருகிற குரல் பதிவை யார் அனுப்பியது என்று தெரியாவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் குடும்பநல மருத்துவ மாதுவிடம் அல்லது பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேளுங்கள்.

படபடப்பு வரும்போது நின்று மூச்சைக் கவனியுங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். பத்துத் தடவை போதும். மலையில் நின்றுகொண்டே செய்யலாம், கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போதும் செய்யலாம்.

பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். “காய்ச்சல் வந்திருக்கிறது, மருந்து எடுக்கிறோம், உன்னைப் பார்க்க ஆள் இருக்கிறது” என்று சொன்னால் போதும். பாடசாலை இல்லாவிட்டாலும் எழும்புகிற நேரம், சாப்பிடுகிற நேரம், புத்தகம் எடுக்கிற நேரம் மாறாமல் இருக்கட்டும். பிள்ளைக்குத் தைரியம் தருவது அந்த ஒழுங்குதான்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், எதிலும் மனசு போகாமல் இருந்தாலோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தாலோ, அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926. தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவசரத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸ்.

தெரிந்துகொண்டால் பயம் குறையும்

காய்ச்சலுக்கு டொக்டர் சொல்லும் அளவில் பரசிட்டமோல் மட்டும் எடுங்கள். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபெனக் போன்ற வலி மாத்திரைகள் டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்கில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தம் கசிதல், கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல், இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இருந்து, காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக ஏறும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் அதன் அடையாளம். “நான் கானில் வேலை செய்தேன், வயலில் இறங்கினேன்” என்பதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆபத்தான வேலை செய்கிறவர்களுக்குத் தடுப்பு மருந்து உண்டு. அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி மட்டும் எடுக்க வேண்டும். றப்பர் தோட்டத்துத் தோழர்கள் பால் எடுக்காத மரத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். டெங்கு நுளம்பு அதில்தான் முட்டையிடும்.

சேர்ந்து செய்ய வேண்டியது

1934-35இல் இந்த நாட்டில் மலேரியா கொள்ளைநோயாக வந்தது. சுமார் 80,000 பேர் செத்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கம் வீடு வீடாகப் படுத்துக்கிடந்தார்கள். அப்போது என்.எம். பெரேரா போன்ற இளைஞர்கள் மருந்தும் பருப்பும் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குள் போனார்கள். அவரை “பருப்பு மாத்தையா” என்றே மக்கள் கூப்பிட்டார்கள். காய்ச்சலில் கிடந்தவருக்குச் சாப்பாடும் கவனிக்க ஒரு ஆளும் கிடைத்தால் பாதிப் பயம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மலேரியா இல்லாத நாடு இது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்தது. நுளம்பைத் தேடியும் ஒவ்வொரு காய்ச்சலையும் சோதித்தும் பல பத்து வருடம் உழைத்ததால் கிடைத்த சான்று அது.

நம் லயத்திலும் அதைச் செய்யலாம். ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள், ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். யாருக்குக் காய்ச்சல், எத்தனையாவது நாள் என்று அவர்கள் ஒரு கொப்பியில் குறிக்கட்டும். அந்தக் கொப்பியைக் கமிட்டியும் சுகாதார உத்தியோகத்தரும் மட்டும் பார்க்க வேண்டும், ஊர் பார்க்கக் கூடாது. தனிமைப்பட்ட வீட்டுக்குத் தண்ணீரும் விறகும் சாமானும் வாசலில் கொண்டுபோய் வையுங்கள். வாசலில் நின்றே “எப்படி இருக்கிறீங்க அக்கா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குணமான பிறகு அவர்களைக் கோயிலுக்கும் கூட்டத்துக்கும் முதலில் கூப்பிடுங்கள்.

கேட்டுப் பெற வேண்டியது

மூச்சுப் பயிற்சியால் பீலியில் தண்ணீர் வராது. அதனால் நிர்வாகத்திடமும் அரசிடமும் சங்கம் கேட்பவை இவை. டொக்டர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் நாட்களுக்காக எந்தத் தொழிலாளியின் வரவுக் கொடுப்பனவும் வெட்டப்படக் கூடாது. சுகாதார அறிவித்தல்கள் எல்லாம் தமிழிலும் வர வேண்டும், தமிழ் பேசுகிற உத்தியோகத்தர் வேண்டும். மழைக்கு முன்னம் கானும் மலசலகூடமும் துப்புரவாக்கப்பட வேண்டும். சேற்றில் இறங்குகிறவருக்குச் சப்பாத்தும் கையுறையும் வேண்டும். இரவில் நோயாளியைக் கொண்டுபோக ஒரு வாகனம் தயாராக இருக்க வேண்டும்.

தோழர்களே, அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது இரண்டு விஷயத்தோடு வாருங்கள். லயத்துக்கு இருவர் என்று தெரிவு செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று. உங்கள் தோட்டத்தில் தண்ணீர், கான், மலசலகூடம் எந்த நிலையில் இருக்கிறது என்ற எழுத்துக் குறிப்பு மற்றது. எழுதத் தெரியாவிட்டால் பாடசாலைப் பக்கம் வாருங்கள், பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து எழுதித் தருகிறோம். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் துரைமாரோடும் சுகாதார வைத்திய அதிகாரியோடும் பேச உட்காருவோம்.