பானெட் வென்ட் வாங்கறதுக்கு முன்னாடி

போன தடவை கார்வெட் சி7 பானெட் வென்ட் மாத்தறதைப் பத்தி போற போக்குல ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகளைப் பாத்தா, பாதிப் பேர் விஷயத்தைத் தலைகீழா புரிஞ்சு வச்சிருக்கீங்க. "அண்ணா, பெரிய வென்ட் போட்டா இன்ஜினுக்கு இன்னும் நிறைய காத்து உள்ள போகுமா?" போகாது. போகவும் கூடாது. அது காத்து வெளியே வர்ற வழி. சமையல்கட்டுல எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டற ஓட்டை இருக்குல்ல, அதே வேலைதான்.

சி7ல, அதாவது 2014லேர்ந்து 2019 வரைக்கும் வந்த மாடல்கள்ல, ரேடியேட்டரை முன்பக்கமா சாய்ச்சு வச்சிருக்காங்க. முன்னாடி கிரில் வழியா நுழையற காத்து ரேடியேட்டரைத் தாண்டி, மேல ஏறி, பானெட் நடுவுல இருக்கற வென்ட் வழியா வெளியே போயிடும். அந்த வழி இல்லேன்னா காத்து இன்ஜின் ரூமுக்குள்ள அடைஞ்சு, வண்டிக்கு அடியிலதான் போயாகணும். வேகமா போறப்போ அது மூக்கைத் தூக்கிவிடும், ஸ்டீயரிங் லேசாயிடும். அதனால சூடு தணியறது பாதி வேலை, முன்சக்கரம் ரோட்டைப் பிடிச்சு நிக்கறது மீதி வேலை. வெறும் அழகுக்கு வச்ச பீஸ் இல்லைங்க அது.

"அப்போ சுபாரு டபிள்யூஆர்எக்ஸ்ல பானெட் மேல வாயைத் திறந்துக்கிட்டு ஒண்ணு இருக்கே?"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். நல்ல கேள்வி. அது ஸ்கூப். இன்ஜினுக்கு மேல படுத்திருக்கற இன்டர்கூலருக்குக் காத்து கொடுக்கறதுக்காக வாய் முன்னாடி பாத்து இருக்கு. கார்வெட் வென்ட்டோட தகடெல்லாம் பின்னாடி பாத்துச் சாய்ஞ்சிருக்கும். இந்த ரெண்டுலயும் வாய் எந்தப் பக்கம்னு பாத்தாலே காத்து உள்ள வருதா வெளியே போகுதான்னு தெரிஞ்சிடும்.

இப்போ வாங்கற கதைக்கு வருவோம். இங்க ஹூஸ்டன் வெயில்ல நாலஞ்சு வருஷம் நின்ன வண்டின்னா அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் சாம்பல் பூத்துடும். உடனே ஆன்லைன்ல தேடுவீங்க, கார்பன் ஃபைபர்ல பளபளன்னு ஒரு பீஸ் கண்ணுல படும். என் நண்பர் ஒருத்தர் அப்படித்தான் வாங்கிட்டு வந்தார். பெட்டியைப் பிரிச்சு அவர் கையில கொடுத்ததை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சேன். வெளிச்சம் வரலை! தகடு மாதிரி வரி வரியா அச்சு இருக்கு, ஓட்டை மட்டும் இல்லை. "சூப்பரா இருக்குல்ல?"ங்கறார். என்னத்தைச் சொல்ல? திருப்பி அனுப்ப வச்சேன். அதனால முதல் சோதனை இதுதான்: பழைய பீஸையும் புது பீஸையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. திறப்பு அதே அளவு இருக்கணும், தகடோட சாய்வும் அதே மாதிரி இருக்கணும். பூச்சி, இலை விழக் கூடாதுன்னு அடியில கொசுவலை மாதிரி கம்பிவலை ஒட்டறதும் வேண்டாம். கண்ணு சின்னதா இருந்தா காத்தோட்டம் குறைஞ்சிடும்.

கம்பெனிக்காரங்களே இந்தத் திறப்பை எவ்வளவு பெருசா எடுத்துக்கறாங்கன்னு பாருங்க. சி7லயே சூப்பர்சார்ஜர் வச்ச இசட்06 ட்ராக்ல ரொம்ப சூடாகுதுன்னு பேச்சு வந்துச்சு. 2017 மாடலுக்குப் பெரிய வென்ட் வச்ச புது பானெட்டையே போட்டாங்க. ஃபோர்டு 2020ல கொண்டு வந்த ஷெல்பி ஜிடி500ல வென்ட் 31க்கு 28 இன்ச். கிட்டத்தட்ட பானெட்ல ஒரு ஜன்னல்!

மாத்தற வேலை பெருசா ஒண்ணும் இல்லை. இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும். வென்ட்டுக்கு அடியில ஒரு பழைய போர்வையை விரிச்சிடுங்க, திருகு உள்ள விழுந்தா அன்னிக்குப் பொழுது போச்சு. வென்ட்டைச் சுத்திப் பெயின்ட் மேல மாஸ்கிங் டேப். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. பிடிப்பெல்லாம் அடிப்பக்கம்தான் இருக்கும். வெயில்ல காய்ஞ்ச பிளாஸ்டிக் படக்குனு ஒடியும், அதனால ஹேர் டிரையர்ல கொஞ்சம் சூடு காட்டிட்டு, பிளாஸ்டிக் நெம்புகோலால மெதுவா எடுங்க. ஸ்க்ரூடிரைவரை வச்சு நெம்பாதீங்க, ப்ளீஸ்.

இதுல கவனிக்க வேண்டியது, சி7 பானெட் இரும்பு இல்லை, அலுமினியமும் இல்லை. கார்பன் ஃபைபர். சாதாரண ஸ்டிங்ரேலயே அதுதான். இரும்பு நசுங்கினா தட்டி எடுக்கலாம், இது விரிசல் விட்டா விட்டதுதான். பவர் டிரில்லை வச்சு திருகை முறுக்காதீங்க. கையால, ஒண்ணுவிட்டு ஒண்ணா, எதிரெதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. துளை பொருந்தலேன்னா பீஸ்தான் தப்பு, பானெட்டைத் துளைக்காதீங்க, ராவாதீங்க. கடையில கிடைச்ச அலுமினியத் திருகையும் போடாதீங்க. கார்பன்ல நேரா பட்டு ஈரமும் சேர்ந்தா அலுமினியம் அரிச்சுப் போயிடும். பழைய திருகு நல்லா இருந்தா அதையே போடுங்க, இல்லேன்னா ஸ்டெயின்லெஸ்.

அடுத்தது மழை. நிறைய பேர் கேட்டிருக்கீங்க. எங்க மாமா கும்பகோணத்துலேர்ந்து வந்திருந்தப்போ அவரும் இதைத்தான் கேட்டார். "ஏம்ப்பா, இவ்ளோ காசு கொடுத்து வாங்கிட்டு மேல ஓட்டையா? மழை பெஞ்சா?" அன்னிக்கு சாயங்காலமே பெஞ்சுது, சும்மா இல்லை, ஹூஸ்டன் மழை. மனுஷன் குடையைப் பிடிச்சுக்கிட்டு வண்டிப் பக்கத்துலயே நின்னார். மழை விட்டதும் பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பாத்துட்டு, "கீழயே வடிஞ்சிடுதே"ன்னு ஏதோ ஏமாந்த மாதிரி உள்ள போயிட்டார். அவ்வளவுதாங்க. இன்ஜின் ரூம்ல மழைத்தண்ணி படும்னு தெரிஞ்சுதான் கனெக்டருக்கெல்லாம் ரப்பர் சீல் வச்சிருக்காங்க. பிரஷர் வாஷரை வென்ட்டுக்குள்ள நேரா அடிக்காம இருந்தா போதும். நான் சொன்ன ஜிடி500ல அடியில ஒரு அலுமினியத் தட்டு வரும், மழைத்தண்ணியைப் பிடிக்கறதுக்கு. ட்ராக்குக்குப் போறப்போ அதைக் கழட்டிடலாம். காரணம் புரியுதுல்ல? காத்து வெளியே வரணும்.

கடைசியா, வாஷர் வைக்கற கூட்டம். "பானெட்டோட பின்பக்கத்துல நாலு வாஷர் வச்சுத் தூக்கிவிட்டா வென்ட்டே வேண்டாமே." வண்டி சிக்னல்ல நிக்கறப்போ சூடு அந்த வழியா வெளியேறும், ஒத்துக்கறேன். ஆனா ஓட ஆரம்பிச்சதும் காத்து கண்ணாடியில மோதி அங்க அழுத்தம் கூடிடும். அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் 1970 செவெல் எஸ்எஸ்ல கண்ணாடிப் பக்கம் திறக்கற கதவு வச்சு இன்ஜினுக்குக் காத்து இழுத்தாங்க. ஏசி காத்து எடுக்கற வழியும் அந்த இடத்துலதான் இருக்கு. நீங்க அங்க இடுக்கு விட்டா, வேகத்துல காத்து உள்ள நுழையும், மெதுவா போறப்போ இன்ஜின் நாத்தம் கேபினுக்குள்ள வரும். வேண்டாம்.

நம்பலேன்னா சின்ன கம்பளி நூல் துண்டுகளை வென்ட்டைச் சுத்தியும் கண்ணாடிக்கு முன்னாடியும் டேப்ல ஒட்டி, ட்ராக்ல ஓட்டறப்போ பக்கத்து சீட்ல இருக்கறவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்க. நூல் எந்தப் பக்கம் பறக்குதுன்னு நீங்களே பாக்கலாம்.

பழைய வென்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. வண்டியை விக்கறப்போ வாங்கறவர் முதல்ல அதைத்தான் கேப்பார்.